‘ஸ்டேபிள்’ என்று மருத்துவர் சொன்னால் என்ன பொருள்?

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நின்று நோயாளிகளின் குடும்பத்தாரிடம் நாங்கள் அன்றாடம் பேசும் சொற்களுள், மிகுதியாகப் புழங்குவதும் மிகுதியாகப் பிறழ உணரப்படுவதும் ‘ஸ்டேபிள்’ என்னும் ஆங்கிலப் பெயரடையே எனலாம். “அப்பா எப்படி இருக்கிறார் டாக்டர்?” என்று மகள் கேட்கிறார். “ஸ்டேபிளாக இருக்கிறார் அம்மா” என்று விடை வருகிறது. கேட்டவரின் முகத்தில் ஓர் ஆறுதல் படர்கிறது. அடுத்த சில நிமிடங்களில் கைபேசி வழியே அச்சொல் ஊர் ஊராகச் செல்கிறது. “பயப்பட ஒன்றும் இல்லையாம், ஸ்டேபிளாம்.” சிங்கப்பூரில் இருக்கும் மகன் விமானச் சீட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிடுகிறார். ஊரிலிருந்து புறப்படவிருந்த தங்கை, நடவு முடிந்ததும் வரலாம் என்று நின்றுவிடுகிறார். மறுநாள் இரவு நிலைமை மோசமாகிறது. “நேற்றுகூட நன்றாக இருக்கிறார் என்றுதானே சொன்னீர்கள்?” என்ற கேள்வி அப்போது எழுகிறது.

மருத்துவர் சொன்னது மெய்யே. அவர் ‘நன்றாக இருக்கிறார்’ என்று சொல்லவில்லை. ஆயினும் குடும்பத்தார் அப்படிக் கேட்டதற்கும் தக்க காரணம் உண்டு. இச்சொல்லின் பொருள், அதற்கு மாற்றாக வழங்கும் ஒருபொருட் சொற்கள், மருத்துவமனையின் ஒவ்வொரு பிரிவிலும் அது ஏற்கும் வேறுபாடுகள் ஆகியவற்றை இந்த இதழில் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறோம். நோயாளியின் அருகில் இருப்போர் எடுக்கும் பல முடிவுகள் இந்த ஒரு சொல்லை நம்பியே அமைகின்றன.

நிற்பதைச் சொல்லும் சொல்

‘ஸ்டேபிள்’ என்பது, நிற்றல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. (குதிரை லாயத்துக்கு ஆங்கிலத்தில் அதே எழுத்துகளோடு வழங்கும் பெயர்ச்சொல்லுக்கும் வேர் அதுவே; குதிரை நிற்கும் இடம் அல்லவா?) நாம் பேச்சில் ஆளும் ‘ஸ்திரம்’ என்ற வடசொல்லும் அந்த லத்தீன் வேருக்கு உறவுடையதுதான். தமிழில் ‘நில்’ என்பதிலிருந்து ‘நிலை’யும் ‘நிலையான’ என்பதும் வந்தன. மொழிகள் வேறாயினும் அவை காட்டும் காட்சி ஒன்றே: ஒன்று விழாமல், அசையாமல் நிற்கிறது. அது எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது அச்சொல்லுக்குள் இல்லை.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. அதன் முழுக் கொள்ளளவுக்கான மட்டம் 120 அடி. அணை நிறைந்து 120 அடியில் நிற்கும்போதும் ‘நீர்மட்டத்தில் மாற்றம் இல்லை’ என்று எழுதலாம். வற்றி 40 அடியில் நிற்கும்போதும் அதே சொற்றொடரை எழுதலாம். இரண்டும் மெய்யான செய்திகள். ஆனால் இரண்டாவது செய்தியைக் கேட்டு எந்த உழவரும் நாற்று விடத் துணியமாட்டார். மட்டம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் செய்தி முழுமை பெறும் என்பது அவருக்குத் தெரியும். ‘ஸ்டேபிள்’ என்பதும் இத்தகைய சொல்லே. முன்பு பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் இடையே குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்ற அளவில் அதன் பொருள் முடிந்துவிடுகிறது. நோய் கடுமையா, எளிதா என்பதை அது சொல்வதில்லை. பிழைப்பாரா என்பதையும் சொல்வதில்லை.

தமிழில் பெயர்க்கும்போதுதான் இடர் நேர்கிறது. செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் இச்சொல்லை ‘உடல்நிலை சீராக உள்ளது’ என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ‘சீர்’ என்பது நம் மொழியில் நன்மையும் ஒழுங்கும் கலந்த சொல். சீரும் சிறப்புமாக வாழ்க என்று வாழ்த்துகிறோம், கெட்டதைச் சீர்செய்கிறோம். ஆகவே ‘சீராக உள்ளது’ என்று கேட்ட உடனே, உடல் சீரடைந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ‘ஸ்டேபிள்’ தராத உறுதியை ‘சீர்’ தந்துவிடுகிறது. எங்களைக் கேட்டால், ‘மாற்றமின்றி உள்ளது’ என்பதே பெரும்பாலான இடங்களில் நேர்மையான தமிழ். அது காதுக்கு அவ்வளவு இனிமையாக இராது. அதனாலேயே அது தேவைப்படுகிறது. வார்டில் எல்லாரும் சொல்லும் ‘பரவாயில்லை’ என்ற சொல்லோ இன்னும் வழுக்கலானது. ‘நேற்றைவிடத் தேவலை’ என்றும் அதற்குப் பொருள் உண்டு. ‘இந்த அளவுக்காவது இருக்கிறாரே’ என்றும் பொருள் உண்டு. எந்தப் பொருளில் சொன்னார் என்பது சொன்னவருக்கே வெளிச்சம்.

உடன்பிறந்த சொற்கள்

ஆங்கிலத்தில் ‘ஸ்டேபிள்’ என்பதற்கு அண்மையில் நிற்கும் சொற்கள் சில மருத்துவக் குறிப்பேடுகளில் வரும். அவற்றைத் தெரிந்துகொண்டால் கேள்வி கேட்பது எளிதாகும்.

‘அன்சேஞ்ச்ட்’ என்பது ஸ்கேன் அறிக்கைகளில் மிகுதியாக வரும். முந்தைய படத்தோடு ஒப்பிடுகையில் வேறுபாடு இல்லை என்பது பொருள். ஒப்பிடுவதற்குப் பழைய படம் இருந்தால்தான் அச்சொல்லை எழுத முடியும். பழைய படங்களைக் கையோடு கொண்டுவருமாறு நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். ‘ஸ்டெடி’ என்பது பேச்சு வழக்கில் ‘ஸ்டேபிள்’ என்பதற்கு ஈடாகவே வருகிறது. நாடித்துடிப்பு ஏற்ற இறக்கமின்றி ஓடுவதை அதனால் குறிப்போம்.

‘ஸ்டேடிக்’ என்ற சொல்லின் இடம் வேறு. அதுவும் நிற்றலைக் குறிப்பதே. ஆனால் வெறுமனே நகராது நிற்பதை மட்டும் அது சொல்லும். தஞ்சாவூர்ப் பொம்மையைத் தட்டினால் சாய்ந்து ஆடிவிட்டுத் தானே நிமிர்ந்துகொள்ளும். மேசை விளிம்பில் நிறுத்திவைத்த கண்ணாடிக் குவளையும் அசையாமல்தான் நிற்கிறது. ஆனால் கை பட்டால் கதை முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் மூன்று நாள்களாக ஒரே நிலையில் இருக்கலாம். செவிலியர் அவரைப் படுக்கையில் இடப்பக்கம் திருப்பியதும் ஆக்சிஜன் அளவு சரிகிறதா, சளியை உறிஞ்சி எடுக்கும்போது இரத்த அழுத்தம் வீழ்கிறதா, வீழ்ந்தால் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதை நாங்கள் கூர்ந்து பார்ப்போம். மீள்பவரே பொம்மையைப் போன்றவர். மீளாதவரின் எண்கள் கணினித் திரையில் மூன்று நாள்களாக மாறாமல் இருந்தாலும், அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் அவரை ‘ஸ்டேபிள்’ என்று சொல்லமாட்டார். மருத்துவத்தில் இச்சொல்லின் ஆழ்ந்த பொருள் இதுவே: ஒரு சிறு அசைவைத் தாங்கி, பழைய நிலைக்குத் திரும்பும் ஆற்றல்.

‘ஃபேர்’, ‘சீரியஸ்’, ‘கிரிட்டிக்கல்’ என்பவை ஒருபொருட் சொற்கள் அல்ல. அவை மட்டத்தைச் சொல்லும் சொற்கள். அமெரிக்க மருத்துவமனைச் சங்கம், நோயாளியின் நிலையை வெளியாருக்குத் தெரிவிக்கப் பரிந்துரைத்த சொற்களின் வரிசை ஒன்று உண்டு. ‘குட்’, ‘ஃபேர்’, ‘சீரியஸ்’, ‘கிரிட்டிக்கல்’ என்று அது போகும். இன்னும் மதிப்பிடப்படாதவருக்குத் தனிச் சொல் ஒன்றும் உண்டு. அவ்வரிசையில் ‘ஸ்டேபிள்’ இல்லை. அதனை ஒரு நிலையின் பெயராக ஆள வேண்டாம், மற்ற நிலைகளோடு ஒட்டியும் சொல்ல வேண்டாம் என்பது அச்சங்கத்தின் அறிவுரை. ‘கிரிட்டிக்கல்’ என்பதற்கு அவர்கள் தரும் விளக்கத்திலேயே நாடி, சுவாசம், இரத்த அழுத்தம் முதலியவை நிலைகொள்ளாமல் இருப்பதும் அடங்குகிறது. அப்படியிருக்க, ‘கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்’ என்று நாம் அடிக்கடி கேட்கும் தொடர் தன்னைத் தானே மறுக்கிறது. ஆனாலும் மருத்துவர்கள் அதனைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதன் மூலம் அவர்கள் உணர்த்த விரும்புவது இதுதான்: உயிருக்கு ஆபத்து நீடிக்கிறது, கடந்த சில மணி நேரத்தில் அது கூடவில்லை. அத்தொடரைக் கேட்க நேர்ந்தால் இரண்டாம் சொல்லைவிட முதற்சொல்லுக்கே உங்கள் மனத்தில் அதிக இடம் கொடுங்கள்.

எதன் துணையோடு நிற்கிறார்?

குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொலைவிலிருந்து பார்த்தால் முட்டுக் கொடுத்த மரமும் கொடுக்காத மரமும் ஒன்றுபோலவே நிமிர்ந்து நிற்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் இரத்த அழுத்தம் 110/70 என்று திரையில் ஒளிர்கிறது. நல்ல எண். ஆனால் கட்டிலின் பக்கத்தில் உள்ள சிரிஞ்ச் பம்ப் வழியாக நார்அட்ரினலின் என்ற மருந்து சொட்டுச் சொட்டாக இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கக்கூடும். சுருங்க மறந்த இரத்தக் குழாய்களைச் சுருங்கவைத்து அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அம்மருந்து. அதை நிறுத்தினால் சில நிமிடங்களில் எண் சரிந்துவிடும். அவரை ‘ஸ்டேபிள்’ என்பது பிழையன்று. முட்டோடு சேர்த்துத்தான் அவர் நிற்கிறார்.

இந்தத் துணையின் அளவை அறியாமல் எண்ணை மட்டும் பார்ப்பது பல வேளைகளில் தலைகீழான முடிவுக்கு இட்டுச்செல்லும். எடுத்துக்காட்டாக, திங்களன்று அம்மருந்து மணிக்கு 12 மில்லி ஓடியபோது இரத்த அழுத்தம் 110/70. செவ்வாயன்றும் அதே 110/70. ஆனால் மருந்து 6 மில்லியாகக் குறைந்துவிட்டது. ‘எந்த மாற்றமும் இல்லையே’ என்று குடும்பத்தார் சோர்கின்றனர். நாங்களோ உள்ளுக்குள் மகிழ்கிறோம். உடல் தன் பங்கை ஏற்கத் தொடங்கிவிட்டது. மாறாக, அதே 110/70-ஐப் பிடித்துவைக்கச் செவ்வாயன்று 20 மில்லி தேவைப்பட்டால், திரையில் எண் நிலையாக நிற்க, நோயாளி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார் என்றே பொருள். ஆக்சிஜனுக்கும் இது பொருந்தும். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெறுங்காற்றைச் சுவாசித்தபடி விரலில் மாட்டிய கருவி 96 காட்டுவதும், வென்டிலேட்டர் வழியாக 60 சதவீத ஆக்சிஜன் செலுத்தப்படும்போது 96 காட்டுவதும் ஒன்றல்ல.

ஆகவே ‘ஸ்டேபிள்’ என்று கேட்டதும் கேட்கத்தக்க முதற்கேள்வி, “எந்த மருந்தும் கருவியும் தாங்கிப் பிடிக்க ஸ்டேபிளாக இருக்கிறார்? அந்தத் துணை நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?” என்பதே. இக்கேள்வியைக் கேட்ட குடும்பத்தாரிடம் எந்த மருத்துவரும் ஒற்றைச் சொல்லில் விடை கூறிவிட்டு நகர முடியாது.

எது நிலையாக உள்ளது?

குறிப்பேட்டில் ‘ஹீமோடைனமிக்கலி ஸ்டேபிள்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். இரத்த ஓட்டம் நிலையாக உள்ளது, அதாவது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உறுப்புகளுக்குப் போதுமானவையாக உள்ளன என்பதே அதன் முழுப்பொருள். சிறுநீரகத்தைப் பற்றியோ மூளையைப் பற்றியோ அது ஒன்றும் கூறுவதில்லை. ‘வைட்டல்ஸ் ஸ்டேபிள்’ என்பதும் அவ்வாறே; உடல் வெப்பம், நாடி, சுவாச வேகம், இரத்த அழுத்தம் என்ற நான்கோடு ஆக்சிஜன் அளவையும் சேர்த்துச் சொல்வதோடு நின்றுவிடும்.

இந்த வேறுபாடு மிகவும் வலி தருவது தலைக்காயத்திலும் பெரும் பக்கவாதத்திலும்தான். சாலை விபத்தில் மூளை கடுமையாகச் சிதைந்த ஓர் இளைஞரின் இதயம் வலுவானது; நாடியும் அழுத்தமும் நாள்கணக்கில் ஒழுங்காக இருக்கும். ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லை ஒவ்வொரு நாளும் கேட்கும் பெற்றோர், கண் விழிப்பது இனி நேரத்தைப் பொறுத்தது என்று நம்பத் தொடங்குகின்றனர். நினைவு திரும்புவது பற்றிய பேச்சு அதனின் முற்றிலும் வேறானது. அதை “இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிச் சொன்னீர்கள், மூளை எப்படி இருக்கிறது?” என்று தனியாகக் கேட்டே தீர வேண்டும். கேட்பதற்கு மனம் அஞ்சும் என்பதை அறிவோம். கேட்கும் நாளில் உடன் ஓர் உறவினரையும் அழைத்து வாருங்கள். மருத்துவரும் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்.

எவ்வளவு நேரமாக, இன்னும் எவ்வளவு நேரத்துக்கு?

எந்த ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லுக்கும் ஒரு கால எல்லை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது மணிக்கணக்கு. வெளிநோயாளர் பிரிவில் மாதக்கணக்கு. சில நோய்களில் தீங்கு வரும் காலம் முன்கூட்டியே தெரிந்திருப்பதால், அக்காலம் கடக்கும்வரை அச்சொல்லை அரைமனத்தோடுதான் சொல்கிறோம். மூளையின் பெரும்பகுதியைத் தாக்கிய பக்கவாதத்தில் வீக்கம் பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை அடையும். முதல்நாள் மாலை நோயாளி உறவினரை அடையாளம் கண்டு பேசியிருந்தாலும், அந்த நாள்கள் கழியாமல் நாங்கள் நிம்மதி கொள்வதில்லை.

டெங்கு காய்ச்சல் இன்னும் ஏமாற்றக்கூடியது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், உடல் வெப்பம் தணிகிற அந்த வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. அது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை ஸ்டேபிள், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று பெற்றோர் கேட்பதும் துல்லியமாக அந்த நேரத்தில்தான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது பரபரப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வெப்பமானி காட்டும் எண்ணை நம்பக் கூடாது.

வெளியூர் உறவினரை வரவழைப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். “எப்படி இருக்கிறார்?” என்று கேட்டால் ‘ஸ்டேபிள்’ என்ற விடையே வரும். “என் தம்பி துபாயில் இருக்கிறான். உங்கள் சொந்த அண்ணனாக இருந்தால் இன்றே புறப்படச் சொல்வீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஸ்கேன் அறிக்கையிலும் இல்லாத விடை கிடைக்கும்.

பிரிவுக்குப் பிரிவு மாறும் பொருள்

புற்றுநோய்ப் பிரிவில் ‘ஸ்டேபிள் டிசீஸ்’ என்பதற்கு அளவுகோலோடு கூடிய இலக்கணம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2009-இல் திருத்தப்பட்ட ‘ரெசிஸ்ட்’ என்னும் உலகளாவிய விதிமுறை அது. அளக்கத் தேர்ந்தெடுத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் நோய் மருந்துக்குப் பணிகிறது என்பார்கள். இதுவரை கண்ட மிகச் சிறிய அளவைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடினாலும், புதிய கட்டி தோன்றினாலும் நோய் முன்னேறுகிறது என்பார்கள். இரண்டுக்கும் இடைப்பட்டது எல்லாம் ‘ஸ்டேபிள்’. சிகிச்சைக்கு முன் 50 மில்லிமீட்டர் இருந்த கூட்டுத்தொகை, முதல் ஸ்கேனில் 57 ஆனாலும் ‘ஸ்டேபிள்’, 38 ஆனாலும் ‘ஸ்டேபிள்’. ஆகவே அறிக்கையில் அச்சொல்லைக் கண்டவர்கள் அளவுகளையும் கேட்டுப் பெறுவது நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டி குறையவில்லையே என்று கலங்கி வருவோர் பலர். வளர்வதே இயல்பான ஒரு நோய், மாதக்கணக்கில் வளராமல் நிற்பது பல வேளைகளில் மருந்து வேலை செய்வதற்கான அடையாளம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அளவுக்கு மீறி ஆறுதல் தரும் சொல், இங்கே தர வேண்டிய ஆறுதலைத் தராமல் போகிறது.

சிறுநீரகப் பிரிவிலும் அப்படியே. ஓராண்டாகக் கிரியேட்டினின் 2.1 என்ற அளவிலேயே நிற்கிறது என்றால் சிறுநீரகம் குணமாகவில்லை. ஆனால் மேலும் பழுதாகவும் இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோயில் அது பெரிய வெற்றி. எலும்பு முறிவில் ‘ஸ்டேபிள்’ என்றால் முறிந்த துண்டுகள் இடம் பெயரமாட்டா என்பது பொருள். மாவுக்கட்டே போதுமானதாக இருக்கலாம். இடம் பெயரக்கூடிய முறிவுக்குப் பெரும்பாலும் கம்பியோ தகடோ வைக்க நேரும். வலி எவ்வளவு என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதயப் பிரிவில் இச்சொல் உயிரோடு விளையாடக்கூடியது. ‘ஸ்டேபிள் ஆஞ்சைனா’ என்றால் நெஞ்சுவலி ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வருகிறது: மாடிப்படி ஏறினால் வரும், நின்றால் சில நிமிடங்களில் போய்விடும், நாக்கின் அடியில் மாத்திரை வைத்தால் தணியும். எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று நோயாளிக்கே தெரியும். அந்த ஒழுங்கு குலைந்தால், அதாவது உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, இதுவரை இரண்டு தெரு நடந்தால் வந்த வலி வீட்டு வாசலைத் தாண்டும்போதே வந்தாலோ, 20 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, அது ‘அன்ஸ்டேபிள்’. மாரடைப்பின் வாசலில் நிற்கிறோம் என்று கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். ‘எனக்குப் பல வருடமாக ஸ்டேபிள் ஆஞ்சைனாதான், இது வழக்கமான வலி’ என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவோர் உண்டு. ஐரோப்பிய இதயநோய்க் கழகம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், அதுவரை ‘ஸ்டேபிள்’ என்ற அடைமொழியோடு வழங்கிய இதயத் தமனி நோயின் பெயரையே மாற்றி, ‘நாள்பட்ட’ என்று பொருள்படும் சொல்லை அவ்விடத்தில் இட்டது. நீண்ட காலம் அமைதியாக இருந்தாலும் அந்நோய் எப்போது வேண்டுமானாலும் கொந்தளிக்கக்கூடியது என்பதே அவர்கள் கூறிய விளக்கம். ஒரு பெயரடையை நீக்கிய அந்தத் திருத்தம் எங்களுக்கு மிகவும் உவப்பானது.

மாத்திரையோடு நிற்பதும் வீட்டுக்குச் செல்வதும்

ஆங்கிலத்தில் இச்சொல்லை அடுத்து வரும் சிறு இடைச்சொற்கள் கவனத்துக்கு உரியவை. ‘ஸ்டேபிள் ஆன்’ என்று தொடங்கினால் அடுத்து வருவது ஒரு மருந்தின் பெயர். அம்மருந்தை உட்கொண்டு வரும்வரை நிலையாக இருக்கிறார் என்பது கருத்து. வலிப்பு நோய், உயர் இரத்த அழுத்தம், மனநோய் ஆகியவற்றில் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் விளையும் கேடு மிகப் பெரிது. “டாக்டரே ஸ்டேபிள் என்று எழுதிவிட்டார், இனி மாத்திரை எதற்கு?” என்று வலிப்பு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, தொடர் வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். முட்டைப் பிடுங்கிவிட்டு வாழை சாய்ந்ததே என்று வருந்துவதற்கு ஒப்பானது இது. மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்பதில் தவறே இல்லை. பல நோய்களில் அதற்குக் காலமும் முறையும் உண்டு. படிப்படியாகக் குறைக்க வேண்டும், மருத்துவர் கண்காணிப்பில் குறைக்க வேண்டும்.

‘ஸ்டேபிள் ஃபார் டிரான்ஸ்ஃபர்’ என்றால், ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் அளவுக்குப் பயணத்தைத் தாங்குவார் என்பதோடு சரி. பல வேளைகளில் நோய் கடுமையாக இருப்பதால்தான் அந்த மாற்றமே நிகழ்கிறது.

இறுதியாக, டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் கடைசிப் பக்கத்தில் ‘வெளியேறும்போது நிலை’ என்ற தலைப்புக்கு எதிரே பெரும்பாலும் ‘ஸ்டேபிள்’ என்ற ஒரே சொல் இருக்கும். இனி மருத்துவமனைக் கட்டில் தேவையில்லை, எஞ்சிய சிகிச்சையை வீட்டிலிருந்தபடியே தொடரலாம் என்பதே அதன் பொருள். குணமாகிவிட்டார் என்று அது சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சில எண்களை எழுதித் தருமாறு கேளுங்கள். இரத்த அழுத்தம் எவ்வளவு, வெறுங்காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு, உடல் எடை எவ்வளவு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அந்த எடை பொன்போன்றது. வீட்டில் நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே தராசில் எடை பாருங்கள். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், மூச்சிரைப்பு இல்லாவிட்டாலும் உடலில் நீர் சேரத் தொடங்கிவிட்டது என்று கொண்டு உடனே தொடர்புகொள்ள வேண்டும். எந்த எண்ணுக்குக் கீழே போனால், எந்த எண்ணுக்கு மேலே போனால் திரும்பி வர வேண்டும் என்பதையும், இரவில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டும் இடத்துக்குப் போன பிறகு இவை நினைவுக்கு வந்தாலும் தாளோடு வார்டுக்குத் திரும்பி வரலாம். பணியில் இருக்கும் மருத்துவரோ செவிலியரோ எழுதித் தருவார்கள்.